பிரானூர் கொட்டகையில் கருப்புக்குத் திரும்பிய எங்கள் மாருதி 800

எங்கள் மாருதி 800-ன் பம்பர் ஒரே நாளில் இரண்டு நிறம் காட்டும். காலையில் செங்கோட்டையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாம்பல். மலை மேல் கோட்டைவாசல் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவில் மழை பிடித்துக்கொண்டால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். சாயங்காலம் எஸ் வளைவில் இறங்கிப் புளியரை வருவதற்குள் காற்றில் காய்ந்து, பழையபடி சாம்பல் பூத்துவிடும். தினமும் மலையைத் தாண்டுகிற எனக்கு இது பழகிப்போன காட்சி. விஷயமே அதில்தான் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது ஒரு தம்பி. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் மரக்கடைகளுக்குப் பின்னால் வாட்டர் சர்வீஸ் கொட்டகை போட்டிருக்கிறான். வெளுத்த பம்பரை அவன் மறுபடி கருப்பாக்கிய வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் செய்தது. ஒன்பது மாதம் ஆகிறது. ஒரு முழுக் கோடையும் ஒரு தென்மேற்குப் பருவமும் வண்டி மேலேயே போய்விட்டன. புது மெருகைப் பார்த்து மயங்கி எழுதவில்லை.

வண்டி அப்பா 2006-ல் வாங்கியது. வெள்ளை. பெயிண்ட் அடிக்காத கருப்பு பம்பர், கருப்புப் பக்கக் கண்ணாடிக் கூடு, கருப்புக் கைப்பிடி, கதவின் குறுக்கே ஓடும் கருப்புப் பட்டை. அப்பாவுக்குக் கண் புரை வந்த பிறகு நான் ஓட்டுகிறேன். குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1970-களில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களைக் குடியமர்த்திய தோட்டங்கள் அவை. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய பேரப் பிள்ளைகள். போக வர 80 கிலோமீட்டர். பள்ளியில் வண்டிக்கு அயனி மர நிழல் உண்டு. வீட்டில் கிடையாது. மேற்கு பார்த்த வாசல், வண்டியின் வலது பக்கம் மதியத்துக்கு மேல் முழு வெயில். அதனால் வலது கண்ணாடிக் கூடு சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிட்டது. இடது கூடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஒரே நாள் வாங்கிய, ஒரே பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு கூடுகள்.

போன வருஷம் ஒரு பைக் உரசி முன் நம்பர் பிளேட் வளைந்துபோனது. நிமிர்த்தலாம் என்று இரண்டு திருகாணியைக் கழற்றி பிளேட்டை எடுத்தேன். அதன் பின்னால், வெளுத்த பம்பரின் நடுவில், அச்சுப் போட்டதுபோல நீள்சதுரமாக ஒரு கருப்பு. 18 வருஷம் வெயிலே படாத இடம். அம்மியில் தண்ணீர் தெளித்து, அது பாதி காய்ந்த நேரத்தில் கல் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்தக் கருப்பு. மினுமினுப்பு கிடையாது. விரலை வைத்தால் ஆட்டுத்தோல்போலப் பொடிப்பொடியான சொரசொரப்பு. அப்பாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஷோரூம்ல எடுத்தப்ப மொத்த பம்பரும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து அந்த நீள்சதுரம்தான் எனக்கு உரைகல். யார் என்ன தடவினாலும் அந்தக் கருப்போடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்த்தேன்.

ஒத்துப்போகாத கதைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பணமும் நேரமும் போனது அங்கேதான்.

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் கொட்டாரக்கரைக்காரர், "டீச்சரே, கொறச்சு வெளிச்செண்ண புரட்டியா மதி" என்றார். தேங்காய் எண்ணெய்க்குக் கேரளத்தில் குணமாகாத வியாதி இல்லை. நல்ல மனசோடு சொன்னார், நானும் தடவினேன். இரண்டு நாள் அழகாக இருந்தது. மூன்றாம் நாள் பம்பர் முழுக்கத் தென்மலைப் புழுதி. தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெய் இல்லை. ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே கிடந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் வழிந்து போகும். ஆளி விதை எண்ணெயைத் தடவிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடித்துவிடலாம். விரித்துக் காயவைத்து, பிறகுதான் எறிய வேண்டும்.

அடுத்தது ஒர்க்‌ஷாப் வைத்தியம். டீசலில் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து பிரஷ்ஷால் அடிப்பது. நம் ஊரில் வண்டிக்கு அடியில் டீசல் அடிக்கிற பழக்கம் உண்டு, அதே கையோடு பம்பருக்கும் அடித்துவிடுகிறார்கள். என் வண்டிக்கு இரண்டு தடவை நடந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கில் அது வழிந்து, கீழ் மூலையில் ரப்பர் உப்பி, கதவு அழுத்திச் சாத்தினால்தான் மூடும் என்றானது. அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது, உறிஞ்சி ஊதிவிடும். டீசல் அடிக்க வருகிறவரிடம் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. தென்காசிப் பக்கம் கண்ணாடி முகப்பும் ஏசி ஹாலுமாக ஒரு பெரிய இடம். 'பிளாஸ்டிக் மறுசீரமைப்பு' என்று விலைப் பட்டியலில் தனி வரி, 1,500 ரூபாய். உள்ளே போய் ஒரு டீ குடிப்பதற்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பம்பர் ஈரமாக இருப்பதுபோல் மினுங்கியது. என்ன தடவினீர்கள் என்று கேட்டதற்கு "இம்போர்ட்டட் மேடம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மறுநாள் காலை பள்ளியில் வண்டியை நிறுத்தினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வழக்கம்போல் பம்பரில் சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தது. திரும்பினால் வெள்ளைச் சட்டையின் முதுகில் கைப்பிடி அகலத்துக்குக் கருப்பு. அவளுக்கு இருப்பது இரண்டே சட்டை. அன்று சாயங்காலம் அந்தச் சட்டையை வாங்கிப் போய் மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் மாற்றி மாற்றித் துவைத்தேன், முழுதாகப் போகவில்லை. புதுச் சட்டை எடுத்துக்கொடுத்தேன். அடுத்த மழைக்கு வெள்ளைக் கதவிலும் மட்கார்டிலும் கண் மை கரைந்ததுபோல் கோடு கோடாக இறங்கியிருந்தது. அவர்கள் தடவியது டயருக்குப் போடும் சிலிகான் எண்ணெய் பாலிஷ். டயருக்குப் போட்டால் ஒரு குற்றமும் இல்லை. அதை மறுசீரமைப்பு என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் குற்றம். போன் செய்தபோது "மழைக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். மழைக்குப் பொறுப்பில்லாத வேலையை வைத்துக்கொண்டு குற்றாலச் சாரல் விழுகிற ஊரில் என்ன செய்வது?

இனி கொட்டகை. போர்டு கிடையாது. தகரக் கூரை, சிமெண்ட் தளம், ஒரு பிரஷர் பம்ப். மூலையில் பழைய ஆம்னி வேன் பம்பர் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் மாஸ்கிங் டேப்பால் ஏழு கட்டம் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மருந்து தடவி, மாதக்கணக்கில் தகரத்தின் மேல் வெயிலில் போட்டு வைத்திருக்கிறான். இரண்டு கட்டம் மறுபடி சாம்பல். ஒன்று திட்டுத் திட்டாக. ஒன்று மட்டும் கருப்பாகவே இருந்தது. யாரும் கேட்காமலேயே இப்படிச் செய்து பார்த்துவைத்திருக்கிற ஆளிடம் என் வண்டியைக் கொடுக்கலாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

நான் எதிர்பார்த்தபடி அவன் உடனே பாட்டிலை எடுக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைப் பம்பரில் ஊற்றினான். கருத்தது. "டீச்சர், கருப்பு எங்கயும் போகல. மேல் தோலுதான் போயிருக்கு" என்றான்.

அவன் ஒரே வரியில் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், கூடவே கொஞ்சம் ரப்பர் கலந்தது. கருப்பு வருவது மேலே அடித்த பெயிண்டால் இல்லை, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே உருக்கிய கார்பன் பிளாக்கால். கிட்டத்தட்ட விளக்குப் புகைக்கரி மாதிரி. அது உள்ளே வரைக்கும் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மேல் பரப்பில் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அறுக்கின்றன. பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துப் பொடிகிறது. அந்த வெடிப்பில் வெளிச்சம் பட்டு நாலா பக்கமும் சிதறுவதைத்தான் நம் கண் சாம்பலாகப் பார்க்கிறது. தண்ணீர் வெடிப்பை நிரப்பினால் சிதறல் குறைகிறது, அடியில் இருக்கும் கருப்பு தெரிகிறது, காய்ந்தால் மறைகிறது. ஆரியங்காவில் கருப்பு, புளியரையில் சாம்பல் என்பதற்கு இதுதான் காரணம். தேங்காய் எண்ணெயும் டயர் பாலிஷும் செய்வது தண்ணீர் செய்கிற அதே வேலையைத்தான், இரண்டு நாள் கூடுதலாக. நிரப்பியது அங்கேயே இறுகி நிற்க வேண்டும். அது நிற்க வேண்டுமானால் வெடிப்பில் ஏற்கெனவே அடைந்திருக்கும் எண்ணெய், சிலிகான், மெழுகு எல்லாம் வெளியே வர வேண்டும்.

அதனால் முதல் ஞாயிறு முழுக்கக் கழுவல் மட்டும். ஏன் ஞாயிறு என்றால், மற்ற நாளில் பக்கத்து மில்லில் மரம் அறுக்கிற தூள் காற்றில் மிதக்கும், ஈரமான பூச்சில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைப் பெயிண்ட் ஓரம் முழுக்க டேப் ஒட்டினான். ஷாம்பு இல்லை, ஒரு பங்கு கிளீனருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அடித்து, நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தான். நுரை முதலில் காப்பிக் கலரில் வந்தது. கழுவி, மறுபடி அடித்தான். மூன்றாம் முறை வெளுத்தது. "இன்னும் வரும்" என்று நாலாவது தடவை அடித்தான், வந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை பிறந்தது.

கதவுப் பட்டையில் யாரோ எப்போதோ போட்ட கார் மெழுகு வெள்ளை வெள்ளையாகக் குழிகளில் உறைந்திருந்தது. பிரஷ்ஷுக்கு அசையவில்லை. அவன் டப்பாவில் தேடி எடுத்தது பென்சில் அழிரப்பர். அதை வைத்து அழித்தால் அந்த வெள்ளை உருண்டு உருண்டு வந்தது. என் கைப்பையில் எப்போதும் நாலைந்து அழிரப்பர் கிடக்கும். நானும் எடுத்துக்கொண்டு வலது கதவுப் பட்டையை நானே அழித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. துணி அழுக்காகாமல் வந்தபோதுதான் நிறுத்தினான். அன்று அவ்வளவுதான், வண்டி இன்னும் மோசமாக, எலும்பு நிறத்தில் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு முகமே வாடிவிட்டது. அந்த வாரம் வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனேன்.

இரண்டாம் ஞாயிறு பூச்சு. மறுபடி ஒரு ஆல்கஹால் துடைப்பு, காய்ந்த பிறகு வேலை தொடங்கியது. சிலிகா அடிப்படையிலான டிரிம் கோட்டிங், அதாவது வண்டியின் கருப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கான இறுகும் பூச்சு, விரல் நீளத்தில் 30 மில்லி பாட்டில். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பாஞ்சுக் கட்டையில் சின்னத் துணி சுற்றி, சில சொட்டு விட்டு, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பான். ஒரு நிமிஷம் விட்டு, வேறு துணியால் அதிகப்படியை எடுத்துவிடுவான். எடுக்கவில்லை என்றால் அந்த இடம் திட்டாக இறுகிவிடும், பிறகு எடுப்பது சிரமம். நிழலில்தான் செய்கிறான், சூடான பம்பரில் தொடுவதே இல்லை. மொத்த வண்டிக்கும் பாதிப் பாட்டில்கூட ஆகவில்லை. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு அது இறுகும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது என்றான். இரவு கொட்டகையிலேயே விட்டுவிட்டு, மறுநாளும் லீவு போட்டேன்.

அனல் காற்றை ஊதும் ஹீட் கன்னால் சுட்டால் உடனே கருப்பாகுமே என்று கேட்டிருந்தேன். ஆம்னி பம்பரின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினான். அனல் காட்டிய இடம் கருப்பாகத்தான் இருந்தது, ஆனால் சொரசொரப்பு உருகி வழவழவென்று ஆகியிருந்தது. ஒரு மூலை நெளிந்தும் இருந்தது. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். கன் வாயில் வரும் காற்று அதைப்போல மும்மடங்கு சூடு. ஒரு வினாடி கை நின்றால் போச்சு. பெயிண்ட் அடிப்பதும் அப்படித்தான். பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பெயிண்ட் பிடிக்காது, பெயிண்ட் பிடிப்பதற்காக அடியில் பூசும் பிளாஸ்டிக் பிரைமர் போட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் அடித்த எங்கள் தெரு ஆம்னியில் பெயிண்ட் வெங்காயச் சருகாக உரிந்து தொங்குகிறது.

திங்கள் சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுபோனேன். அங்கேயே நம்பர் பிளேட்டைக் கழற்றினேன். நீள்சதுரத்தின் ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உற்றுப் பார்த்தால், பூசிய இடம் ஒரு சாயல் கூடுதல் கருப்பு. அவ்வளவே. மினுமினுப்பு இல்லை. சொரசொரப்பு அப்படியே இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன் பம்பரின் இடது முனையில் மரத்தூள் ஐந்தாறு பொட்டுகள் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமையிலும் கூரையிலிருந்து உதிர்ந்திருக்கிறது. இடது கண்ணாடிக் கூட்டில் ஒரு திட்டு நின்றுபோனது. அடுத்த வாரம் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தான். பதின்மூன்று கண் பாலத்துப் பக்கம் அப்பா ஒருமுறை கல்லில் உரசிய கீறல் அப்படியேதான் இருக்கிறது. கீறல் போகாது என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். பில் கிடையாது. போன் எடுப்பதே இல்லை, நேரில்தான் போக வேண்டும். கூலி 1,800 ரூபாய். மருந்தின் விலையை மட்டும் பார்த்தால் அதிகம். நாலு தடவை கழுவிய கையைப் பார்த்தவள் நான், எனக்கு அது குறைவாகத்தான் பட்டது.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது? இடது பக்கம் முதல் நாள் போலவே. வலது கண்ணாடிக் கூட்டின் மேல் பாகம் மட்டும் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. மேற்கு வெயில் விடவில்லை. பின் பம்பரின் மேல் விளிம்பில், நான் நோட்டுக் கட்டுகளை வைத்து வைத்து இழுக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது. ஜூன், ஜூலை மழையில் வெள்ளைக் கதவில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. தண்ணீர் உருண்டு ஓடுவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் கருப்பு நிற்கிறது. ஆரியங்காவிலும் புளியரையிலும் இப்போது ஒரே நிறம். அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. இன்றும் பம்பரில் சாய்ந்துகொண்டுதான் எனக்காக நிற்கிறாள். சட்டை வெள்ளையாகவே இருக்கிறது.

வீட்டிலேயே செய்ய நினைக்கிறவர்கள் பாட்டில் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். தடவிய பிறகு இத்தனை மணி நேரம் தண்ணீர் படக் கூடாது என்று லேபிளில் எழுதியிருந்தால் அது இறுகுகிற வகை. தடவியதும் அப்படியே ஓட்டலாம் என்றால் அநேகமாக எண்ணெய் வகை. வாரா வாரம் தடவப் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவும் சரிதான், தண்ணீர் கலந்து செய்த, பால்போல் வெள்ளையாக இருக்கும் வகையை வாங்கினால் ரப்பருக்குக் கெடுதல் குறைவு. எதுவானாலும் முதலில் யார் கண்ணிலும் படாத ஓரத்தில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கொட்டகைக்குப் போவதானால் கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள். ஐயப்பன் சீசனில் மலைக்குப் போகிற வண்டிகள் கழுவவே அவனுக்கு நேரம் போதாது. குற்றாலம் சீசனிலும் கூட்டம் இருக்கும், மழை வேறு. மாசி, பங்குனிதான் சரியான காலம். செங்கோட்டையிலிருந்து வந்தால் பிரானூரில் பெரிய மரக்கடைகள் முடிகிற இடத்தில் இடது சந்து. தகரக் கூரை மேல் பழைய பம்பர் ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால் அதுதான் இடம்.